மணி கேட்டால் ஒரு குடம்

எங்கள் தெருவில் தொங்கும் மணியைச் சித்தர் ஒருவர் கொடுத்துவிட்டு மலையேறிப் போனார் என்று பௌர்ணமிக்கு வருகிறவர்களிடம் கதை விட்டுக்கொண்டிருக்கிறார்கள். கயிற்றை இழுத்து வேண்டிக்கொண்டால் தீராத வியாதி தீருமாம், தள்ளிப்போன கல்யாணம் நடக்குமாம். சொல்கிறவன் வாய் அழுகிப்போக. அது சாமி மணி இல்லை, நெருப்பு மணி. எந்த வீட்டுக் கூரை பற்றினாலும் அடிப்பதற்காக வெள்ளைக்காரன் காலத்தில் கட்டினது. அது தொங்குகிற கல்தூண் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டித்தான் நிற்கிறது. அதன் கயிறு என் உள்ளங்கைத் தோலை உரித்திருக்கிறது. அதனால் அதன் வரலாற்றைச் சொல்ல நான் எவனிடமும் உத்தரவு கேட்கப் போவதில்லை.

தேரடிக்குப் பின்னால் இருக்கிற எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் எல்லாமே கூரை வீடுகள். விறகுத்தொட்டி, பொரிக்கடை, கயிற்றுக்கடை, பாய்க்கடை என்று நெருப்புக்குப் பிடித்த பண்டமாகப் பார்த்து வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு கோடையில் பொரிக்கடை அடுப்பிலிருந்து கிளம்பின நெருப்பு ஒரு பக்க வரிசையை முழுசாகத் தின்றுவிட்டதாம். அதற்குப் பிறகு கடைக்காரர்கள் கூடி இந்த மணியை வாங்கிக் கட்டினார்கள். ரயில்வே ஸ்டேஷனில் கழித்துப்போட்ட மணி என்பார்கள் சிலர். ஏதோ பள்ளிக்கூடத்து மணி என்பார்கள் வேறு சிலர். எங்கிருந்து வந்ததோ, குரல் மட்டும் அசாத்தியக் குரல். நன்றாக இழுத்து அடித்தால் மலையில் மோதித் திரும்பி வரும்.

மணியோடு ஒரு சட்டமும் வந்தது. மணி கேட்டால் வீட்டுக்கு ஒரு குடம். நிறையத் தண்ணீர் மொண்டு எடுத்துக்கொண்டு ஓடி வரவேண்டும். எரிவது யார் வீடு, அவனோடு நமக்குப் பேச்சுவார்த்தை உண்டா, ஒன்றும் பார்க்கக் கூடாது. கல்யாணம், சாவு, சாமி புறப்பாடு எதற்கும் அந்தக் கயிற்றைத் தொடக் கூடாது. அடிக்கிற முறையும் தனி. கோயில் மணியை ஒருவன் ஒன்று அடிப்பான், கும்பிடுவான், போவான். நெருப்பு மணிக்கு நிறுத்தலே கிடையாது. மூச்சு முட்டுகிற வரைக்கும் கடகடவென்று அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தெருவில் பிறந்த குழந்தைகூடத் தூக்கத்தில் கேட்டாலும் எழுந்துகொள்ளும். கயிற்றுக்குப் பொறுப்பு எங்கள் வீடு. மணிக்கார வீடு என்றுதான் எங்களுக்குப் பேர்.

திருவண்ணாமலை தனி மாவட்டமான வருஷம் நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தேன். செங்கம் பக்கத்துப் பெண். என் வீட்டுக்காரருக்குப் பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. மாமனார் முன்பே போய்விட்டார். மணியையும் தெருவையும் எங்களையும் கட்டி மேய்த்தது என் மாமியார்தான்.

என் மாமியார் ஒரு ராட்சசி. செத்தவளை இப்படிச் சொல்லலாமா என்று கேட்பவர்கள் அவளோடு ஒரு வாரம் குடித்தனம் பண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும். ஆகிருதியான உடம்பு, வெற்றிலை வாய், கையில் ஒரு கழி. தினமும் சாயந்திரம் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடப்பாள். ஒவ்வொரு வாசலிலும் குடம் நிரம்பியிருக்கிறதா என்று கழியால் தட்டிப் பார்ப்பாள். சத்தம் வேறு மாதிரி வந்தால் அந்த வீட்டுக்காரியின் ஏழு தலைமுறையும் அன்றைக்குத் தெருவுக்கு வந்துவிடும். தெருக்கோடியில் ஈயம் பூசுகிற பாய் ஒருவர் இருந்தார். அவர் வீட்டுக் குடத்தை மட்டும் அவள் தட்ட மாட்டாள். "அங்க கம்மியா இருக்காது" என்று தாண்டிப் போய்விடுவாள்.

நான் வந்த புதிது. தாலி மஞ்சள்கூடக் காயவில்லை. மத்தியானம் மணி அடித்தது. மாமியார்தான் அடித்துக்கொண்டிருந்தாள். விறகுத்தொட்டியில் நெருப்பு. எனக்கு என்ன தெரியும்? கைக்கு அகப்பட்ட குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அதில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. நெருப்பெல்லாம் அணைந்த பிறகு, தெருவே கூடி நிற்கும்போது, மாமியார் என் கையிலிருந்த குடத்தைப் பிடுங்கி அதில் எட்டிப் பார்த்தாள்.

"பாதிக் குடம் எடுத்தாந்திருக்கா பாரு மகராசி! எரியறது உங்கப்பன் வூடா இருந்தா இப்பிடித்தான் வருவியாடி?"

சொல்லிக்கொண்டே அதைப் பக்கத்துக் குழாயில் விளிம்புவரை நிரப்பினாள். நிரப்பி, என் தலையில் கவிழ்த்தாள். கூறைப்புடவை மடிப்பு கலையாத பெண் நான். அத்தனை பேர் முன்னாலும் உடம்போடு ஒட்டின புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர் அங்கேதான் இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அந்த மனிதருக்கு வேறு பக்கம் பார்க்க நன்றாக வரும் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நானும் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. மாமியாரும் மருமகளும் சண்டை போட்டால் சினிமா தோற்றுப்போகும் என்று தெருவில் சொல்வார்கள். "உன்னக் கட்டையில வைக்க!" என்று நான் கத்துவேன். "உனக்குக் கொள்ளி வெச்சிட்டுத்தாண்டி நான் போவேன்" என்பாள் அவள். பொழுது சாய்ந்தால் இருவரும் ஒரே முறத்துக்கு முன்னால் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்போம். சண்டையைத் தெரு கேட்டது. கீரை ஆய்ந்ததை யாரும் பார்க்கவில்லை.

கொஞ்ச வருஷத்தில் பௌர்ணமிக் கூட்டம் ஜாஸ்தியாயிற்று. முன்பெல்லாம் மலை சுற்றுகிறவர்கள் அடி அண்ணாமலை வழியாகத் தாங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். இப்போது சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். ஊரில் எங்கே பார்த்தாலும் லாட்ஜ். தேரடிப் பக்கம் கால் வைக்க இடமில்லாமல் எங்கள் தெருவுக்குள் நுழைந்தார்கள். நுழைந்தவர்கள் கண்ணில் மணி பட்டது. மணியைக் கண்டால் நம் ஜனங்களுக்குக் கை சும்மா இருக்குமா? ஒருத்தன் அடித்தான், ஒருத்தி குங்குமம் வைத்தாள், எவளோ ஒரு மகராசி மல்லிகைச் சரம் சுற்றிவிட்டுப் போனாள்.

மாமியார் அந்தச் சரத்தைப் பிய்த்து எறிந்தாள்.

"இது எமனைக் கூப்புடற மணிடா! இதுக்குப் பூ வெச்சீங்கன்னா அவன் வந்து இங்கயே குந்திக்குவான்."

எதிர்வீட்டு மாடிக்காரர்தான் அப்போது தெருச் சங்கத்துத் தலைவர். மாடியை லாட்ஜாக மாற்றியிருந்தார். கூட்டம் தெருவுக்குள் வருவது அவருக்குக் கசக்குமா? பல்லைக் காட்டிக்கொண்டு வந்தார்.

"பெரியம்மா, இப்பல்லாம் ஃபயர் சர்வீஸ் இருக்குது, போன் இருக்குது. ஒரு போன் போட்டா வண்டி வந்துடும். இந்த மணி எதுக்குச் சும்மா தொங்குது? தீபத்தன்னிக்கு மலையில ஜோதி தெரியும்போது அடிச்சா தெருவுக்கே ஒரு களையா இருக்கும்ல?"

"தீபத்தன்னிக்கு இந்தத் தெருவுல எறும்பு நுழைய எடம் இருக்காது. உன் வண்டி எந்த வழியாடா வரும்? உன் மாடி மேலயா?"

அவர் போய்விட்டார். அவள் இருக்கிறவரை கயிற்றைத் தொட முடியாது என்று அவருக்குத் தெரியும். காத்துக்கொண்டிருந்தார்.

ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு காலையில் மாமியார் பல் விளக்கப் போன இடத்தில் விழுந்தாள். ஒரு பக்கம் கை, கால், வாய் எல்லாம் போய்விட்டது. வேலூருக்குக் கொண்டுபோய்ப் பார்த்தோம். இவ்வளவுதான் என்று அனுப்பிவிட்டார்கள். முன்னறையில் படுக்க வைத்தால் வந்துபோகிறவர்கள் மூக்கைப் பிடிக்கிறார்கள் என்று என் வீட்டுக்காரர் பின்பக்கத்துக் கீற்றுக் கொட்டகையில் கட்டிலைப் போட்டார். பெற்ற தாய். அவளுக்குப் பீ, மூத்திரம் அள்ளினவள் நான். அள்ளும்போது திட்டினேன், இல்லையென்று சொல்லவில்லை. அவளும் கோணின வாயால் திரும்பத் திட்டினாள். அவள் பேச்சு வேறு யாருக்கும் புரியாது. எனக்குப் புரியும்.

அவள் படுத்த அந்த வருஷமே சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள். தூணுக்குக் காவியும் வெள்ளையும் அடித்தார்கள். தீபத்தன்று மலையில் ஜோதி தெரிந்ததும் மணிக்கார வீட்டு மகன்தான் முதலில் அடிக்க வேண்டும், அவருக்குத் தலைப்பாகை கட்டி மாலை போட வேண்டும் என்றார்கள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க அடுத்தவர்களுக்குத் துணி பிரித்துக் காட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு ஊரே கூடித் துணி கட்டுகிறது.

"உங்கம்மா உயிரோட இருக்கும்போதே இப்பிடிப் பண்றீங்களே" என்றேன்.

"மரியாத நம்ம வூட்டத் தேடி வருது. உனக்கு இன்னாடி வயித்தெரிச்சல்?"

முதல் வருஷம் இவர் மணி அடித்தபோது நான் மாமியாரோடு கொட்டகையில் இருந்தேன். சத்தம் கேட்டதும் அவள் உடம்பு தூக்கிவாரிப்போட்டது. நல்ல கையால் கட்டிலுக்கு அடியில் துழாவினாள். குடத்தைத் தேடுகிறாள் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

"நெருப்பில்ல அத்த. தீபத்துக்கு அடிக்கிறாங்க. உங்க புள்ளதான் அடிக்கிறாரு."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அந்த ராட்சசி அழுது நான் பார்த்தது அது ஒருமுறைதான். எனக்கு மனசு ஆறவே இல்லை.

அதன் பிறகு யார் வேண்டுமானாலும் அடித்தார்கள். பௌர்ணமிக்கு அடித்தார்கள், பிரதோஷத்துக்கு அடித்தார்கள், போட்டோ எடுத்துக்கொள்ள அடித்தார்கள். ஆரம்பத்தில் மணி கேட்டதும் எங்கள் வரிசையில் வயதான பெண்கள் இரண்டொருவர் பதறிக் குடத்தைத் தூக்குவார்கள். பிறகு "த்தூ, இவனுங்களுக்கு வேற வேல இல்ல" என்று இறக்கி வைப்பார்கள். அப்புறம் அதுவும் நின்றுபோயிற்று. வாசலில் இருந்த குடங்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. அந்த இடத்தில் கற்பூரமும் பாட்டில் தண்ணீரும் விற்றார்கள். கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் காது மரத்துவிட்டது.

நான் மட்டும் ஒரு குடம் வைத்துக்கொண்டிருந்தேன். பக்தி இல்லை, பாசமும் இல்லை. வைக்காவிட்டால் கிழவி கட்டிலிலிருந்து கத்துவாள், அவ்வளவுதான்.

இப்படியே சில வருஷம் போன பிறகு ஒரு தீபத்தன்று வழக்கத்தைவிடக் கூட்டம். தெருவில் தோளோடு தோள் நின்றார்கள். எங்கள் வரிசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எல்லா முகமும் மலையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. சரியான நேரத்துக்கு மலை உச்சியில் ஜோதி தெரிந்தது. வெடிச்சத்தம், வாண வேடிக்கை, "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று ஊரே ஒரே தொண்டையாகக் கத்தியது. இவர் தலைப்பாகையோடு மணியை அடித்தார். அடித்துவிட்டு எதிர்வீட்டு மாடிக்கு ஏறிப் போய்த் தலைவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். கயிறு சும்மா தொங்கியது. போகிறவன் வருகிறவன் எல்லாம் இழுத்தான்.

ஜோதியைப் பார்த்த பிறகுதான் வீடுகளில் விளக்கு ஏற்றுவோம். பிள்ளைகள் மாவளி சுற்றுவார்கள். பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, துணியில் பொட்டலம் கட்டி, மட்டையில் வைத்து, பற்ற வைத்துச் சுற்றினால் பொறி பொறியாகக் கொட்டும். அன்றைக்கு எல்லா மாடியிலும் சுற்றினார்கள். யார் வீட்டு மாவளி என்று எனக்குத் தெரியாது. ஒரு பொறி எங்கள் கீற்றுக் கொட்டகையில் விழுந்தது.

நான் வாசலில் அகலுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். என் மகள் அவள் தாய்மாமன் வீட்டுக்குச் செங்கம் போயிருந்தாள், நல்ல வேளை. பின்பக்கம் ஏதோ படபடவென்று கேட்கவும் ஓடினேன். கூரை ஒரு மூலையில் பிடித்துவிட்டது. வாசல் குடத்தை ஓடிப்போய் எடுத்துவந்து ஊற்றினேன். ஒரு குடத்துக்கு அடங்குமா? உள்ளே போய் மாமியாரின் கக்கத்தில் கையைக் கொடுத்து இழுத்தேன். செத்த பக்கத்துக் கால் கட்டிலோடு மாட்டிக்கொண்டது. அவள் உடம்பு என்ன லேசான உடம்பா? கீற்றிலிருந்து நெருப்புச் சொட்டியது. என் இடது கையில் விழுந்து ஒட்டிக்கொண்டது. இன்னொரு ஆள் இருந்தால் தூக்கிவிடலாம். ஒரே ஒரு ஆள்.

அவள் நல்ல கையால் என்னைத் தள்ளினாள்.

"மணி" என்றாள். அந்தக் கோணின வாயிலிருந்து தெளிவாக வந்தது. "மணிய அடிடி!"

ஓடினேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த எவனோ ஒரு ஆந்திராக்காரனைப் பிடித்துத் தள்ளிவிட்டு அடித்தேன். நெருப்பு மணி எப்படி அடிக்க வேண்டுமோ அப்படி. நிறுத்தாமல், மூச்சு முட்ட, கடகடவென்று. அடிக்க அடிக்கக் கூட்டம் திரும்பிப் பார்த்தது.

திரும்பிப் பார்த்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "அரோகரா!" என்றது.

நான் அடித்தேன். அவர்கள் அரோகரா என்றார்கள். "நெருப்பு! நெருப்பு!" என்று நான் கத்தினேன். எனக்கு அருள் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருத்தி வந்து என் நெற்றியில் விபூதி பூசினாள். எங்கள் ஓட்டுக்கு மேலே பின்பக்கத்து ஜுவாலை எழும்பியது. அதைப் பார்த்து ஓர் அம்மா பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சொக்கப்பனை கொளுத்தியிருக்கிறோம் என்று நினைத்திருப்பாள் பாவி. நெருப்பே சாமியாக இருக்கிற ஊரில் நெருப்பைக் கண்டு எவன் பயப்படுவான்?

அவர்களை விடு, வெளியூர்க்காரர்கள். தெருக்காரர்கள் எங்கே போனார்கள்? ஒவ்வொரு மாடியிலும் நின்றார்கள். பிறந்ததிலிருந்து இந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள்.

எதிர் மாடியில் என் வீட்டுக்காரர் மலையைப் பார்த்து நின்றவர் சட்டென்று திரும்பினார். மணி கேட்டுத்தான் திரும்பினார். என்னைப் பார்த்தார். நான் கயிற்றை விடாமல் ஒரு கையால் பின்பக்கத்தைக் காட்டினேன். அவர் முகத்தை நான் பார்த்தேன், அவர் என் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் தலைவர் கையைத் தூக்கினார். இவரும் கையைத் தூக்கினார். "அரோகரா" என்று வாய் அசைந்தது.

கையைப் பிடித்து ஒருத்தனை உள்ளே இழுத்துப் போயிருக்கலாமே என்று பிற்பாடு வக்கணையாகக் கேட்டார்கள். எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது அதுவா? மணி அடித்தால் தெரு வரும். என் தலையில் தண்ணீர் கொட்டிச் சொல்லிக் கொடுத்த பாடம் அது. வரும், இதோ வரும் என்று அடித்துக்கொண்டே இருந்தேன்.

வந்தது ஒரே ஒரு குடம். தெருக்கோடியிலிருந்து ஈயம் பூசுகிற பாய் கூட்டத்தை முட்டி மோதிக்கொண்டு, பாதி உடம்பு நனைந்து, குடத்தோடு வந்து நின்றார். "எங்கம்மா? எங்க?" என்றார். நாங்கள் இரண்டு பேரும் பின்பக்கம் ஓடினபோது கொட்டகை உட்கார்ந்துவிட்டது. உள்ளேயிருந்து சத்தம் நின்றுபோய் இருந்தது.

மறுநாள் போலீஸ் வந்தது. வயதான பொம்பளை, நெருப்பு, வீட்டில் மருமகள் மட்டும். கேட்க மாட்டார்களா? தெருவில் விசாரித்தார்கள். "கட்டையில வைக்கன்னு தினம் கத்துவா சார்" என்றார்கள். அது உண்மைதான். என் நாத்தனார் ஆரணியிலிருந்து வந்து வாசலிலேயே விழுந்து மண்ணை வாரி இறைத்தாள்.

"எங்கம்மாவ எரிச்சிட்டியேடி! மணி அடிச்சியாமே, மணி! அத்தினி சனத்துல ஒருத்தருக்குக்கூடவா கேக்காது?"

இன்ஸ்பெக்டரும் அதையேதான் கேட்டார். தலைவர் துண்டை மடித்துக்கொண்டு பதில் சொன்னார். "ஆளாளுக்கு அடிச்சிகினுதான் இருந்தாங்க சார். நெருப்பு மணின்னு தனியா ஒண்ணும் கேக்கல." கேட்டது என்று சொன்னால், கேட்டுக்கொண்டு நின்றோம் என்றும் சொல்ல வேண்டுமே. தெரு முழுக்க அதே வார்த்தையைச் சொன்னது. பாய் மட்டும், "கேட்டுச்சு சார், அதனாலதானே ஓடியாந்தேன்" என்றார். "அவருக்கு வயசாயிடுச்சி சார், காது மந்தம்" என்று தலைவர் சிரித்தார். அந்தத் தெருவில் காது கேட்ட ஒரே மனிதர் செவிடராகிப் போனார்.

கடைசியாக இன்ஸ்பெக்டர் என் வீட்டுக்காரரிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. எதிர் மாடியிலதானே இருந்தீங்க? மணி கேட்டுச்சா?"

கட்டுப் போட்ட கையோடு நான் இவரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை. கேட்டது என்று இவர் சொன்னால் போதும். பெற்ற பிள்ளை சொல்லிவிட்டால் யார் மறுக்க முடியும்?

"தீபத்தைப் பார்த்துகினு இருந்தேன் சார். கவனிக்கல."

விளக்கு சாய்ந்து விபத்து என்று எழுதி மூடினார்கள். போலீஸ் மூடினால் தெரு மூடுமா? மாமியாரைக் கொளுத்தினவள் என்று என் பேர் நிலைத்தது. என் மகளைப் பார்க்கச் சேத்துப்பட்டிலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. கேசரி சாப்பிட்டார்கள், பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சிரித்தார்கள், போகும்போது எதிர்வீட்டில் விசாரித்தார்கள். அத்தோடு சரி. பதிலே இல்லை. அடுத்த இடமும் அப்படித்தான். கடைசியில் இந்தத் தெருவில் ஒருத்தரையும் தெரியாத ஓசூர்ப் பக்கத்து இடமாகப் பார்த்துக் கட்டிக் கொடுத்தேன். அங்கே போன பிறகும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அம்மா, நெசமாவே மணி அடிச்சியா?" என்று என் வயிற்றில் பிறந்தவள் போனில் கேட்டாள். நான் போனை வைத்துவிட்டேன்.

இவரிடம் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! சோறு போடும்போது கேட்டிருக்கிறேன், ஜுரத்தில் கிடந்தபோது கேட்டிருக்கிறேன். "நடந்து முடிஞ்சத ஏன் கிளர்ற?" என்பார். அதற்கு மேல் வாய் திறக்க மாட்டார். திட்டவாவது செய்யலாம். அதுவும் கிடையாது. ஒரே வீட்டில் அந்த மௌனத்தோடு சமைத்து, துவைத்து, படுத்து எழுந்தேன்.

பாய் செத்துப்போனார். கலெக்டர் ஆபீஸ் பக்கம் வேங்கிக்காலில் புது வீடுகள் வந்ததும் தெருக்காரர்கள் சிலர் அங்கே போனார்கள். சங்கம் மட்டும் கொழுத்தது. மணிக்குப் பளிங்கில் மண்டபம் கட்டினார்கள். சித்தர் கதை அப்போது வந்ததுதான். திறப்பு விழா ஒரு காலையில் வைத்தார்கள். ஹோமம், மைக் செட், மேளம். மணியைப் புளி போட்டுத் தேய்த்துத் தங்கமாக மின்ன வைத்திருந்தார்கள். மணிக்கார வீட்டு வாரிசு முதலில் அடிப்பார் என்று மைக்கில் அறிவித்தார்கள். இவருக்கு முடி நரைத்து, முதுகு வளைந்துவிட்டது. தலைப்பாகை மட்டும் விறைப்பாக இருந்தது.

நான் வீட்டுக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. அவ்வளவு வருஷத்துக்குப் பிறகும் உடம்பு தூக்கிவாரிப்போட்டது.

பித்தளைக் குடத்தை எடுத்தேன். குழாயில் பிடித்தேன், விளிம்பு வரைக்கும், தளும்பத் தளும்ப. இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கூட்டம் விலகியது. சாமிக்குத் தண்ணீர் என்று நினைத்திருப்பார்கள். நேரே இவர் முன்னால் போய் நின்றேன். கயிற்றைப் பிடித்த கையோடு இவர் என்னைப் பார்த்தார்.

"மணி கேட்டுச்சு" என்றேன். "கொண்டாந்திருக்கேன்."

தலையில் கவிழ்த்தேன். தலைப்பாகை, மாலை, பட்டு வேட்டி எல்லாம் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. மேளம் நின்றது. "ஐயோ, இன்னாம்மா இது, பைத்தியமா?" என்று தலைவர் ஓடி வந்தார். இவர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்கவில்லை. என் பக்கம் குனிந்தார்.

"கேட்டுச்சுடி" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "நெருப்பு மணின்னு அன்னிக்கே தெரிஞ்சுது."

மைக் ஒரு முழத் தூரத்தில் இருந்தது. தெரு முழுக்க எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சத்தமா சொல்லுங்க" என்றேன்.

இவர் தெருவைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு தலைப்பாகையை அவிழ்த்துப் பிழிந்து திரும்பக் கட்டிக்கொண்டார். கயிற்றைப் பிடித்து இழுத்தார். எல்லாரும் கையைத் தூக்கி அரோகரா என்றார்கள். அதில் இவர் குரல்தான் உரக்கக் கேட்டது.